கட்டை விரல் கர்சருக்கு மூக்கு வைத்த கதை

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

எடுத்த எடுப்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்குக் கோவையாக எழுத வராது. ஆறாம் வகுப்போடு தமிழ்ப்பள்ளியை விட்டு வந்தவள். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகும்போது கொண்டுபோகும் சீட்டும், ஆபிசில் "இங்கே அழுத்தினால் அங்கே போகுது" என்று எழுதி ஒட்டும் ஒற்றை வரிகளும்தான். ஞாபகமும் முன்னைப்போல் இல்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோகிறேன். நேரில் வந்து நாலு வார்த்தை பேசுங்கள் என்று கேட்டார்கள். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்குப் பேச்சு வராது. எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அதனால் தப்பும் தவறுமாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் உங்கள் ஆபிசுக்கு வந்தது டீ போடவும் கூட்டித் துடைக்கவும்தான். பாயான் லெப்பாஸில் நான் வேலை செய்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அப்போது நம் பாஸ் ஜோர்ஜ்டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில், கடைகளுக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் செய்து கொடுக்கும் இந்தக் கம்பெனியைப் புதிதாக ஆரம்பித்திருந்தார். ஒருநாள் டீயை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பியபோது என்னை நிறுத்தினார். இந்தக் கட்டடத்திலேயே மவுஸைத் தொட்டுப் பார்க்காத ஒரே ஆள் நான்தானாம். கடைகளில் வேலை செய்கிறவர்களும் அப்படித்தானாம். அதனால் நான் உட்கார்ந்து புரோகிராமைச் சோதிக்க வேண்டுமாம். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வேண்டாம் என்று சொல்லக் கூச்சம்.

முதல் நாளே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். திரையில் அம்புக்குறி போய், அதன் இடத்தில் ஒரு வட்டம் சுற்றினால் கம்ப்யூட்டர் யோசிக்கிறது என்று அர்த்தம், அப்போது எதையும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு எல்லாரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். நான் ஒரு பட்டனை அழுத்தினேன். வட்டம் சுற்ற ஆரம்பித்தது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அது நிற்கவே இல்லை. எல்லாரும் சாப்பிடப் போனார்கள், சாப்பிட்டுவிட்டும் வந்தார்கள். நான் அப்படியே இருந்தேன். பாத்ரூம் போகக்கூட எழுந்திருக்கவில்லை, நாற்காலி கிறீச்சிட்டு அதன் யோசனை கலைந்துவிடுமோ என்று பயம். பாஸ் வந்து என்னக்கா செய்கிறீர்கள் என்று கேட்டார். பாவம், அது ஏதோ பெரிய விஷயம் யோசிக்கிறது பாஸ் என்றேன்.

கம்ப்யூட்டர் ஒன்றும் யோசிக்கவில்லை. பிரிண்டரில் தாள் இல்லை. வேலை பாதியில் நின்றுவிட்டது. வட்டத்தை வைக்கச் சொல்லி எழுதிய வரி ஓடியது, அதை எடுத்துவிட்டு அம்புக்குறியை வைக்கச் சொல்லும் வரிக்குப் போகவே இல்லை. அப்போது எங்களோடு இருந்த பெரிய புரோகிராமர் வந்து பார்த்தார். அதிகம் பேசாதவர். என் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, இனிமே வட்டத்த வைக்கிற வரிய எழுதும்போதே எடுக்கிற வரியையும் எழுதிடறேன். நடுவுல என்ன தப்பு சாலா ஆனாலும் அது நடந்தே தீரும்" என்றார். பிறகு என்னை முதலில் பாத்ரூமுக்குப் போகச் சொன்னார். அன்று முதல் அந்த மனிதர் மேல் எனக்குத் தனி மரியாதை.

அம்பு, வட்டம் என்று மாறும் அந்தக் கர்சர் ஒரு சின்னப் படம்தான். சுண்டுவிரல் நகம் அளவுகூட இருக்காது. ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் அது சொல்வதை அப்படியே நம்புவார். அம்பு இருந்தால் தேர்ந்தெடுக்கலாம் என்று நம்புவார், குச்சி மாதிரி இருந்தால் எழுதலாம் என்று நம்புவார், வட்டம் இருந்தால் பசியோடு காத்திருப்பார். அது கோணலாகச் சொன்னால் தானும் கோணலாக மாறிக்கொள்வாரே தவிர, கோணல் என்று உங்களிடம் வந்து சொல்ல மாட்டார். இதை நான் கற்றுக்கொண்டது பட்டர்வொர்த்தில், பாய் கடையில்.

அந்த வருஷம் எங்களிடம் ஒரு பெண் புரோகிராமராகச் சேர்ந்திருந்தாள். எங்களுக்கெல்லாம் சின்னவள் என்பதால் குட்டி என்று கூப்பிடுவோம். ஏற்கெனவே இரண்டு கம்பெனிகளில் வேலை நிரந்தரமாகாமல் வெளியே வந்தவள். எங்களிடமும் வேலைக்குச் சோதித்துப் பார்க்கும் தவணைக்காலம் முடியப் போகிற நேரம். பாய் கடை வேலை நல்லபடியாக நடந்தால் உன்னை நிரந்தரமாக்குகிறேன், இல்லாவிட்டால் என்னாலும் வைத்துக்கொள்ள முடியாது என்று பாஸ் சொல்லிவிட்டார். நிரந்தரமானால் தண்ணீர்மலைக் கோவிலுக்குப் பால்குடம் எடுப்பதாக அவள் அம்மா வேண்டிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு முட்டி வலி. "நா வேலைய விட்டுப் போறதுதான் அம்மா முட்டிக்கு நல்லதுக்கா" என்று குட்டி சிரிப்பாள். சிரித்துவிட்டு நகத்தைக் கடிப்பாள்.

பாய்க்குப் பட்டர்வொர்த்தில், பெரிப் படகு ஏறும் இடத்துக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை. ரொட்டி சானாய், முர்தபாக், மீ கோரேங் எல்லாம் அங்கே பேர்போனவை. பக்கத்துக் கடையையும் சேர்த்துப் பெரிதாக்கி, கல்லாவுக்குக் கம்ப்யூட்டர் வைக்க நினைத்தார். கல்லாவில் சாப்பாட்டின் பெயரை அழுத்தினால் உள்ளே சமைக்கிறவருக்குச் சீட்டு அச்சாகி வரும். கஸ்டமர் பார்ப்பதற்கு அவர் பக்கமும் ஒரு திரை.

பாய் நம் ஆபிசுக்கு வந்து பார்த்தார். எதையும் தொடாமல் கைகட்டிக்கொண்டு பார்த்தார். சாப்பாட்டுப் பெயர் மேல் போனதும் அம்புக்குறி ஆள்காட்டி விரல் நீட்டிய கையாக மாறும் இல்லையா? அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. இது யாரைக் காட்டுது?"

சாப்பாட்டைத்தான் என்றார் பாஸ்.

"சாப்பாட்டுக்கு அந்தப் பக்கம் கஸ்டமர் நிக்கிறார்ல. என் கடைக்கு வயசான மலாய்ப் பாக்சிக் எல்லாம் வருவாங்க. அவங்க மூஞ்சிக்கு நேரா விரல நீட்டுனா மரியாதையா இருக்குமா லா?"

நம் ஊரில் பெரியவர்களுக்கு ஒன்றைக் காட்டுவது எப்படி என்று உங்களுக்கே தெரியும். நாலு விரலையும் மடக்கி, கட்டை விரலை மேலே வைத்து, பணிவாகக் காட்ட வேண்டும். பாய் அப்படிக் காட்டினார். கர்சரும் அப்படித்தான் காட்ட வேண்டும் என்றார். பாஸ் உடனே தலையாட்டிவிட்டார். அவர் போனபிறகு குட்டி, உலகம் பூராவும் கம்ப்யூட்டரில் ஆள்காட்டி விரல்தான் பாஸ் என்று முனகினாள். "உலகம் பூரா பாய் கடையில வந்து ரொட்டி சாப்பிடுதா?" என்று பாஸ் கேட்டார். அதோடு பேச்சு முடிந்தது.

கட்டை விரல் வரைவது லேசான வேலை இல்லை. குட்டி முதலில் வரைந்தது இஞ்சித் துண்டு மாதிரி இருந்தது. அடுத்தது கணவாய், நம் சோத்தோங். அதற்கடுத்ததைப் பார்த்த பாஸ், இறால் நன்றாக வந்திருக்கிறது, விரல் எங்கே என்று கேட்டார். கடைசியில் அவள் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கையை நீட்டச் சொன்னாள். தொழிற்சாலையில் மெஷினில் மாட்டி என் கட்டை விரல் நகம் கொஞ்சம் கோணலாக இருக்கும். அதையும் விடாமல் வரைந்துவிட்டாள். அதனால் பாய் கடைத் திரையில் ஓடியது என் விரல். பட்டர்வொர்த்தில் எத்தனையோ பேர் என் விரல் காட்டிய சாப்பாட்டைச் சாப்பிட்டிருக்கிறார்கள். இதை இதுவரை நான் வெளியே சொன்னதில்லை, வெட்கமாக இருக்கும்.

இப்போது மூக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். கர்சர் படத்தில் எந்த இடம் உண்மையாக அழுத்துகிறது என்று ஒரு புள்ளி வைக்க வேண்டும். நீங்கள் ஹாட்ஸ்பாட் என்று ஏதோ சொல்வீர்கள். எனக்கு அது வாயில் வராது, மூக்கு என்றுதான் சொல்வேன். நாம் எங்கே போனாலும் முதலில் மூக்குத்தானே போய் இடிக்கிறது. அம்புக்கு அதன் முனையில் மூக்கு. கட்டை விரலுக்கு விரல் நுனியில் இருக்க வேண்டும். குட்டி விரலை அழகாக, இடது பக்கம் பார்க்கிற மாதிரி படத்தின் நடுவில் வரைந்தாள். மூக்கை வைக்க மறந்துவிட்டாள். நாம் வைக்காவிட்டால் அது தானாகவே படத்தின் இடது பக்க மேல் மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆக, விரல் ஓரிடத்தைக் காட்டும், மூக்கு அதற்குக் கொஞ்சம் மேலே இடிக்கும்.

ஆபிசில் சோதித்தபோது இது யாருக்கும் தெரியவில்லை. மாதிரிக்கு நாலைந்து சாப்பாடுதான் போட்டு வைத்திருந்தோம். ஒவ்வொரு கட்டமும் பெரிய மேசைத்துணி மாதிரி இருந்தது. கொஞ்சம் மேலே இடித்தாலும் அதே கட்டத்துக்குள்தான் விழும். திறப்பு விழாவுக்கு முதல் நாள் பாய் உட்கார்ந்து தன் கடையில் கிடைக்கிற அத்தனையையும் சேர்த்துவிட்டார். கட்டங்கள் மிளகு மிளகாகச் சுருங்கிவிட்டன.

திறப்பு விழா அன்று காலையில் குட்டி லாப்டாப்போடு ஸ்டோர் ரூமில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஏதாவது என்றால் அங்கிருந்தே சரிசெய்துவிடலாம். கல்லாவில் பாயின் தங்கை ஜமீலா. பேச்சும் கையும் வேகமாக ஓடுகிற பெண். அவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு என்னை உட்கார வைத்திருந்தார்கள். கறிக் கை படக்கூடாது என்று மவுஸைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, பார்சல் கொண்டுபோகிறவர்களுக்குத் தாப்பாவ் டீ கட்டுகிற மாதிரி ரப்பர் பேண்ட் சுற்றி வைத்திருந்தாள் ஜமீலா. மத்தியானம் பாஸ் கெப்பாலா பத்தாஸிலிருந்து ஒரு இரும்புக்கடைக்காரரைக் கூட்டி வருவதாக ஏற்பாடு. கடையை அவருக்குக் காட்டி அவரிடமும் ஒரு புரோகிராம் விற்கலாம் என்று எண்ணம்.

கடை திறந்தது. துவா ஓதி முடித்ததும் கூட்டம் வந்தது. முர்தபாக் கேட்டவருக்கு முட்டை போட்ட ரொட்டி தெலுர் வந்தது. ரொட்டி தெலுர் கேட்டவருக்கு வெறும் ரொட்டி சானாய். ரொட்டி சானாய் கேட்டவருக்குத் தோசை. தோசைதான் பட்டியலில் முதலில் இருந்தது. அதற்கு மேலே கட்டமே இல்லை. அதனால் தோசை கேட்ட ஒரு பெரியவருக்கு ஒன்றுமே வரவில்லை. சொங்கோ தொப்பி போட்ட பாக்சிக். கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டு, வட்டம் சுற்றிய நாளில் ஆபிசில் நான் இருந்த மாதிரியே பொறுமையாக உட்கார்ந்திருந்தார். உள்ளே ரொட்டி போடும் அண்ணன், இன்றைக்கு ஏன் எல்லாரும் ரொட்டியாகவே கேட்கிறார்கள் என்று சத்தம் போட்டார். கஸ்டமர் பக்கத் திரையில் பெயர் தப்பாகத்தான் வந்தது. அதை யாரும் படிக்கவில்லை. எல்லாரும் கட்டை விரலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

விரல் காட்டுகிற கட்டத்துக்கு மேல் கட்டம் அழுந்துவதைக் கவனித்தேன். கூட்டத்தில் எழுந்து நின்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி, காலண்டரைப் பார்ப்பதுபோல நின்றுகொண்டு குட்டிக்குப் போன் போட்டேன். "குட்டி, மூக்கு மேல இருக்குதும்மா" என்று கிசுகிசுத்தேன். அந்தப் பக்கம் படபடவென்று லாப்டாப் தட்டும் சத்தம். பிறகு, "நா மூக்கே வைக்கலக்கா" என்றாள். அழுகிறாளா வெங்காயமா என்று தெரியவில்லை. இதோ சரி பண்ணிவிடுகிறேன் என்றாள். திரை ஒரு கணம் அணைந்து மறுபடி வந்தது. அப்பாடா என்று ஸ்டூலில் வந்து உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகுதான் கடை உண்மையிலேயே தலைகீழானது.

ரொட்டி தெலுர் கேட்டவருக்கு முர்தபாக் வந்தது. முர்தபாக் கேட்டவருக்கு மீ கோரேங். மீ கோரேங் கேட்ட ஒரு ஒல்லிப் பெண்ணின் முன்னால் ஒரு மீன் தலைக் கறி வந்து இறங்கியது. அந்தப் பெண்ணும் மீனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டுப் பட்டியலில் கடைசியாக இருந்த மீன் தலையைக் கேட்டவருக்கு எதுவும் வரவில்லை. தோசைப் பாக்சிக் எழுந்து வந்து, தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும் என்று சொல்லி இன்னொரு முறை தோசை கேட்டார். அவருக்கு ரொட்டி சானாய் போனது. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்.

நான் ஜமீலாவின் கையைக் கவனித்தேன். யார் எதைக் கேட்டாலும் அதற்கு ஒரு கட்டம் கீழே வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். ஏன் என்று காதருகில் போய்க் கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியாதாக்கா? இதுல ஒரு கட்டம் கீழதான் அழுத்தணும். மொதல்ல எனக்கும் புரியல. மரியாதையான வெரல் இல்லையா, குனிஞ்சுதான் காட்டும்."

நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில் அவளே கண்டுபிடித்திருக்கிறாள். கண்டுபிடித்ததை யாரிடமும் புகாராகச் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் என்றால் இப்படித்தான் என்று எடுத்துக்கொண்டு, தாப்பாவ் பக்கத்துத் திரையில் இருந்த பெண்ணுக்கும் கற்றுக்கொடுத்துவிட்டாள். இரண்டு பேரும் ஒரு கட்டம் கீழே, ஒரு கட்டம் கீழே என்று பாட்டு மாதிரி பழகிவிட்டார்கள். அவர்கள் கோணலுக்குப் பழகி முடித்த நேரம் பார்த்து நாங்கள் கோணலை நிமிர்த்தியிருந்தோம்.

இப்போது நேராக அழுத்தும்மா, சரிபண்ணியாகிவிட்டது என்றேன். அவளும் முயன்றாள். ஒரு முறை கை நேராகப் போகும், மறு முறை பழக்கத்தில் கீழே இறங்கும். எந்த முறை எது என்று அவளுக்கே தெரியவில்லை. தாப்பாவ் பெண்ணுக்குச் சொல்லிப் புரிய வைப்பதற்குள் பெரி வந்து, அதிலிருந்து இறங்கியவர்கள் எல்லாரும் கடைக்குள் நுழைந்துவிட்டார்கள்.

நீங்கள் எல்லாரும் படித்தவர்கள், எனக்கு என்ன சொல்லத் தெரியும். ஆனால் அந்த ஒரு நிமிஷத்தில் என் மனசில் ஓடியதைச் சொல்கிறேன். கூட்டம் நிற்கிறது. கைகளை மாற்ற நேரம் இல்லை. மூக்கை மாற்றக் குட்டிக்கு ஒரு நிமிஷம் போதும். மறுபடி காலண்டரிடம் போனேன்.

"குட்டி, மூக்கத் தூக்கிப் பழைய எடத்துலயே வச்சிரும்மா."

"என்னக்கா சொல்றீங்க? இப்பத்தான் சரியா இருக்குது."

"சரியா இருக்கறது கம்ப்யூட்டர் மட்டும்தாம்மா. இங்க ஒருத்தருக்கும் கேட்டது வரல."

வெங்காயத் தோல் சரசரப்பது மட்டும் கேட்டது. பிறகு, "பாஸ் வர்ற நேரம்க்கா. நானே தப்பாக்கி வச்சேன்னு தெரிஞ்சா என் வேலை போயிடும் லா" என்றாள். அவள் சொன்னது உண்மை. போனைப் பிடித்துக்கொண்டே நின்றேன். திரை அணைந்தது. திரும்ப வந்தது.

கடை ஓடத் தொடங்கியது. ஜமீலாவின் கை பறந்தது. முர்தபாக்குக்கு முர்தபாக், மைலோவுக்கு மைலோ. மீன் தலை போக வேண்டியவரிடம் போய்ச் சேர்ந்தது. தோசைப் பாக்சிக் ரொட்டியை முடித்துவிட்டு, இன்னும் பசி அடங்காமலோ அல்லது வீம்புக்காகவோ மூன்றாவது முறை வந்து தோசை கேட்டார். தோசை வந்தது. அதை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுத்தான் சாப்பிட்டார்.

அப்போது பாஸ் வந்தார், இரும்புக்கடைக்காரரோடு. கூட்டத்தைப் பார்த்து பாஸுக்கு ஒரே பெருமை. ஜமீலாவை நகரச் சொல்லிவிட்டுத் தானே கல்லாவில் உட்கார்ந்தார். என்ன குடிக்கிறீர்கள், நானே அழுத்திக் காட்டுகிறேன் என்றார். இரும்புக்கடைக்காரர் கோப்பி போதும் என்றார். பாஸ் கோப்பியை அழுத்தினார். பால் போடாத டீ, தே ஓ வந்தது. சிரித்துக்கொண்டு மறுபடி அழுத்தினார். இன்னொரு தே ஓ. மூன்றாவதும் வந்ததும் ஜமீலாவுக்குப் பொறுக்கவில்லை. "எந்திரிங்க சார், ஒங்களுக்கு இது வராது" என்று அவரை எழுப்பிவிட்டு ஒரு கட்டம் கீழே அழுத்தினாள். கோப்பி வந்தது. அதே வேகத்தில், பின்னால் நின்ற ஒருவர் கேட்ட சிராப் சர்பத்துக்காகக் குடிக்கிற வகைகளின் பட்டியலுக்குக் கீழே ஒன்றுமே இல்லாத வெள்ளை இடத்தில் அழுத்தினாள். சிராப்பும் வந்தது.

"வெறும் எடத்துல அழுத்துனாலும் சிராப் வருதே" என்று இரும்புக்கடைக்காரர் குனிந்து பார்த்தார்.

பாஸின் காது சிவந்துவிட்டது. குட்டியைக் கூப்பிட்டார். தலையெல்லாம் வெங்காயத் தோலோடு வந்து நின்றாள். யார் செய்தது இது என்று கேட்டார்.

"நாந்தான் பாஸ். மொதல்ல தெரியாம தப்பாயிடுச்சு. அப்புறம் சரி பண்ணேன். அப்புறம் தெரிஞ்சே திருப்பித் தப்பா வச்சேன்."

வேறு எவளாக இருந்தாலும் கடைசி வரியை விழுங்கியிருப்பாள். நான் சொல்லித்தான் வைத்தாள் பாஸ் என்று நானும் சொன்னேன். என் குரல் தண்ணீர்க் குழாய்ச் சத்தத்தைத் தாண்டவில்லை. பாஸ் ஆள்காட்டி விரலை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "நீ நாளையிலேருந்து" என்று ஆரம்பித்தார்.

பாய் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். எதுவும் கேட்கவில்லை. பாஸின் நீட்டிய கையைத் தன் இரண்டு கைகளாலும் மெதுவாகப் பிடித்தார். ஆள்காட்டி விரலை மடக்கினார். கட்டை விரலை எடுத்து மேலே வைத்தார். துணியை மடித்து வைப்பதுபோல அவ்வளவு பதமாகச் செய்தார்.

"நம்ம கடையில இப்படித்தான் தம்பி. இப்பச் சொல்லுங்க."

பாஸ் தன் கையைப் பார்த்தார். கட்டை விரல் குட்டியைப் பார்த்து நிமிர்ந்து நின்றது. சபாஷ் சொல்வதுபோல இருந்தது. இரும்புக்கடைக்காரர் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டார். எதற்கும் இருக்கட்டும் என்று அவரும் ஒரு கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். ஜமீலாவும் தூக்கினாள். தோசைப் பாக்சிக்குக்கு என்ன புரிந்ததோ, தன் மேசையில் இருந்தபடியே அவரும் தூக்கினார். நானும் தூக்கினேன். கூட்டத்தில் நான் கையைத் தூக்கியது அதுதான் முதல் முறை. நகம் கோணலாக இருந்ததைப் பார்த்து ஜமீலா என் விரலையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கட்டை விரலை நீட்டிக்கொண்டு யாரையும் வேலையை விட்டு நிறுத்த முடியாது. பாஸ் முயன்று பார்த்தார்.

"நீ நாளைக்குக் கடை தொறக்கறதுக்கு முன்ன வந்து, இவங்க எல்லாருக்கும் சொல்லிட்டு, அப்புறமா சரி பண்ணு" என்றார்.

குட்டி மறுநாள் வந்தாள். மூக்கை விரல் நுனிக்குக் கொண்டுவந்தாள். கூட்டம் வருவதற்கு முன்னால் ஜமீலாவையும் தாப்பாவ் பெண்ணையும் உட்கார வைத்து, கை பழகும்வரை பக்கத்திலேயே இருந்தாள். ஜமீலாவுக்கு அவ்வளவு திருப்தி இல்லை. இப்போது விரல் கொஞ்சம் திமிராகக் காட்டுகிறது என்றாள். அதைச் சரிக்கட்ட, அழுத்தும்போதெல்லாம் தன் தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டாள்.

அந்த வாரமே குட்டிக்கு வேலை நிரந்தரமானது. இரும்புக்கடைக்காரரும் புரோகிராம் வாங்கினார். ஆனால் அவருக்குக் கட்டை விரல் வேண்டாமாம், ஸ்பானர் வேண்டுமாம். ஸ்பானருக்கு மூக்கு எந்தப் பக்கம் என்று எங்கள் ஆபிசில் பெரிய சண்டையே நடந்தது. அதை எழுதினால் தாள் போதாது.

தைப்பூசத்துக்கு அம்மாவுக்குப் பதிலாகக் குட்டியே பால்குடம் எடுத்தாள். நானும் கூடப் போனேன். வழியில் யாரோ தண்ணீர்ப் பந்தல் எங்கே என்று கேட்டார்கள். ஒரு கையால் குடத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கைக் கட்டை விரலால் பணிவாகக் காட்டினாள். அவர்கள் தலையாட்டிவிட்டு, அவள் காட்டிய பந்தலுக்கு ஒன்று மேலே இருந்த பந்தலுக்குப் போனார்கள்.

உங்களிடம் எனக்குக் கேட்க இருப்பது சின்ன விஷயம்தான். எதை மாற்றினாலும் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாற்றுங்கள். என்னைப்போலக் காலண்டரிடம் சொல்லாதீர்கள். உங்கள் மேனேஜர் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து, யாரிடம் கேட்டு இதை மாற்றினாய் என்று விசாரிக்கும்போது உங்களுக்கெல்லாம் நடுக்கம் வருவதாகக் கேள்விப்பட்டேன். பயப்பட வேண்டாம். அவள்தான் குட்டி. விசாரிக்கும்போது அவள் கையைக் கவனியுங்கள், ஆள்காட்டி விரலை நீட்டவே மாட்டாள்.

இந்தத் தாளை அவளிடமே கொடுத்து ஒரு தடவை சரிபார்க்கச் சொல்லுங்கள். எனக்குச் சில இடங்களில் சந்தேகம் இருக்கிறது. கோப்பிக்கு மேலே இருந்தது தே ஓவா தே தாரேக்கா என்று ஜமீலாவுக்குப் போன் போட்டுக் கேட்டால் சொல்லிவிடுவாள். எழுத்துப் பிழைகளையும் திருத்திவிடுங்கள். திருத்தினால், எதைத் திருத்தினீர்கள் என்று எனக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.